பிசைந்து காட்டிய கை

ஐந்து வருடம் நான் கண்ணாடியைக் கையில் பிசைந்து காட்டிச் சம்பளம் வாங்கினேன். வேலையைப் பற்றிச் சொன்னால் சர்க்கஸ்காரனைப் பார்க்கிற மாதிரி பார்ப்பார்கள். விஷயம் அவ்வளவு பெரியதில்லை. நீச்சல் குளத்துத் தண்ணீரை மோட்டார் இழுத்து ஒரு பெரிய தொட்டி வழியாகத் தள்ளும். அந்தத் தொட்டிதான் ஃபில்டர். அதற்குள் வழக்கமாக மணல் இருக்கும். அழுக்கு மணலில் தங்கிவிடும், தண்ணீர் சுத்தமாகிக் குளத்துக்குத் திரும்பும். நாங்கள் அந்த மணலை அள்ளி எடுத்துவிட்டு, பழைய பாட்டில்களை உடைத்துச் செய்த கண்ணாடி மணலைப் போட்டுக் கொடுத்தோம்.

மூக்கண்டப்பள்ளியில் தொழிற்பேட்டைக்குப் பின்பக்கம் ஒரு தகரக் கொட்டகைதான் எங்கள் யூனிட். ஓசூர் பார்களிலிருந்தும், கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கம் அத்திப்பள்ளியிலிருந்தும், தேன்கனிக்கோட்டைக் காட்டோரம் குடித்துவிட்டு வீசியெறிந்த இடங்களிலிருந்தும் சாக்குச் சாக்காகப் பாட்டில்கள் வரும். மூடியையும் லேபிளையும் எடுத்து, கழுவி, உடைத்து, காயவைத்து, கடைசியில் ஒரு பெரிய இரும்பு டிரம்மில் போட்டுச் சுற்றவிடுவோம். துண்டோடு துண்டு உரசி முனை மழுங்கும். மூன்று மணி நேரம் சுற்றினால் கண்ணாடி கடிப்பதை விட்டுவிடும். அப்புறம் சலித்து மூட்டை கட்ட வேண்டியதுதான். காட்டோரம் கிடந்தால் மாட்டின் காலைக் கிழித்திருக்கும் கண்ணாடி, இங்கே வந்து தண்ணீரைச் சுத்தம் செய்கிறது என்பதில் எனக்கு உள்ளூரப் பெருமை இருந்தது. இதைச் சொல்ல இப்போது கூச்சமாக இருக்கிறது.

டிரம்மின் சத்தத்தை வைத்தே கண்ணாடி எந்தப் பக்குவத்தில் இருக்கிறது என்று சொல்லிவிடுவேன். போட்டவுடன் காது கூசும். நேரம் ஆக ஆகச் சத்தம் தணிந்து, முறத்தில் அரிசி புடைக்கிற மாதிரி ஆகிவிடும். அந்தச் சத்தம் வந்தபிறகுதான் டிரம்மை நிறுத்துவோம்.

கண்ணாடி என்றதும் வாங்க வருகிறவர்களுக்கு முதலில் வருவது பயம். குழந்தைகள் குளிக்கும் குளம், அதில் போய்க் கண்ணாடியா என்பார்கள். ஆரம்பத்தில் நான் விளக்கம் சொல்லிப் பார்த்தேன். எனக்கு முன்கோபம் அதிகம். ஒரே கேள்வியை மூன்றாவது தடவை கேட்டால் குரல் ஏறிவிடும். அதைக் கவனித்த முதலாளிதான் ஒருநாள் சொன்னார்.

“நீங்க பேசவே பேசாதீங்க. உங்களுக்குக் கோவந்தான் வருது. கையை மட்டும் காட்டுங்க.”

அன்றிலிருந்து அதுதான் என் வேலை. மூட்டையைப் பிரிப்பேன். ஒரு பிடி கண்ணாடியை அள்ளுவேன். எல்லாரும் பார்க்கும்படி கையை நீட்டி, விரல்களை இறுக்கி, மாவு பிசைவதுபோலப் பிசைவேன். பிறகு கையை விரித்து உதறிக் காட்டுவேன். ஒரு கீறல் இருக்காது. பார்க்கிறவர்கள் தங்கள் கையைத் தடவிக்கொள்வார்கள். அதற்குமேல் யாரும் கேள்வி கேட்டதில்லை.

பாகலூர் சாலையில் ஒரு பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பு. காலையில் பாதிப் பேர் கார் எடுத்துக்கொண்டு கர்நாடகத்துக்கு வேலைக்குப் போய்விடுவார்கள். அங்கே குளத்தைப் பார்த்துக்கொள்ள ஒருவர் இருந்தார். தர்மபுரிப் பக்கத்துக்காரர். வயது அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தது. முப்பது வருடம் வார்ப்படத் தொழிற்சாலையில் உலையடியில் நின்றவர். அதை மூடியதும் இந்த வேலைக்கு வந்திருந்தார். நான் அவரை அண்ணா என்பேன். அவர் முதல் நாள் நீங்க என்றார், இரண்டாம் நாள் தம்பி என்றார், மூன்றாம் நாளிலிருந்து நீ.

முதல் தடவை நான் போனது வெயில் ஏறிய நேரம். குளத்தைச் சுற்றிப் பதித்திருந்த கல் கொதித்தது. நான் செருப்போடு நின்றே கால் மாற்றிக்கொண்டிருந்தேன். அவர் வெறுங்காலோடு நின்று வலையால் இலை அள்ளிக்கொண்டிருந்தார்.

“எப்பிடிண்ணா நிக்கிறீங்க இந்தக் கல்லு மேல?”

“சக்கரை வந்ததுல ஒரு லாபங்க. காலு மரத்துப் போச்சு. எந்த வெயில்ல நிக்க வெச்சாலும் நிப்பன்.” சொல்லிவிட்டு அவரே சிரித்தார். நானும் சிரித்தேன். ஆக, அவர் காலுக்கு உணர்வு இல்லை என்பது எனக்கு முதல் நாளே தெரியும். இதை இங்கேயே எழுதி வைத்துவிடுகிறேன்.

மோட்டார் அறைக்கு வெளியே அவருடைய செருப்பு எப்போதும் கிடக்கும். உள்ளே சுவரில் மூன்று சாமி படங்கள். இரும்பு ஃபில்டர் தொட்டியின் வயிற்றில் போன ஆயுத பூஜைக்குப் பூசிய சந்தனமும் குங்குமமும் காய்ந்து உதிராமல் இருந்தன. அவர் அதைத் துடைக்கவிட மாட்டார். ஓசூரில் எந்தத் தொழிற்சாலைக்குப் போனாலும் மெஷினுக்குப் பொட்டு இருக்கும், அதனால் எனக்கு அது புதிதாகத் தெரியவில்லை. இவர் ஒரு படி மேலே போய், பூஜை போட்ட அறைக்குள் யாரையும் செருப்போடு விடுவதில்லை. குடியிருப்புச் சங்கத்துச் செக்ரட்டரி அம்மாவே வாசலில் கழற்றிவிட்டுத்தான் வருவார்.

எங்கள் கண்ணாடிக்கு அந்தக் குடியிருப்பில் வழக்காடியவரும் இவர்தான். பழைய மணல் கட்டி கட்டியாக இறுகிக் கிடந்தது. அதைக் கழுவத் தண்ணீரைத் தலைகீழாகத் திருப்பி அடித்து அடித்து, வாரத்துக்கு ஒரு லாரித் தண்ணீர் சாக்கடைக்குப் போனது. கெலவரப்பள்ளி அணையில் கழிவு நுரை மிதக்கிற ஊரில் நல்ல தண்ணீரை இப்படிக் கொட்டுவது அவருக்குப் பொறுக்கவில்லை. நான் கொடுத்த மாதிரிப் பொட்டலத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, நடைப்பயிற்சிக்கு வருகிறவர்களிடமெல்லாம் காட்டினார். “தொட்டுப் பாருங்க சார், சக்கரை மாதிரி இருக்குது” என்பார். சர்க்கரை நோயாளி வாயிலிருந்து இது வருவது அவருக்கே வேடிக்கையாக இருந்திருக்க வேண்டும். இரண்டு மாதத்தில் சங்கம் சம்மதித்தது.

கோடை நீச்சல் வகுப்பு ஒரு திங்கட்கிழமை தொடங்குவதாக இருந்தது. ஞாயிறு காலையில் கண்ணாடி போட்டு முடிக்க வேண்டும். வெள்ளிக்கிழமை டிரம்மின் பெல்ட் அறுந்தது. புது பெல்ட் வந்து சேர சனிக்கிழமை சாயங்காலம் ஆகிவிட்டது. மொத்தத்தில் முக்கால்வாசி ஏற்கெனவே தயார். கடைசிக் கால்வாசியைத்தான் சுற்ற வேண்டியிருந்தது. ஒரு மணி நேரம் ஆனதும் முதலாளி டிரம்மை நிறுத்தச் சொன்னார். காது கூசும் சத்தம் அப்படியே இருந்தது.

“இன்னும் ஆகலைங்க,” என்றேன்.

“ஆன வரைக்கும் போதும். மீதி ஃபில்டருக்குள்ள தண்ணி அடிக்கறப்ப தானா உருண்டுக்கும்.”

“உருளாதுங்க. உங்களுக்கே தெரியும்.”

“தொட்டிக்குள்ள இருக்கிறது வெளியவா வரப்போகுது? அடியில வடிகட்டிக் குழாய் இருக்குதில்ல? குளத்துக்கு ஒரு துளி போகாது.”

அவர் சொன்னதில் பாதி உண்மை இருந்தது. அதுதான் தொல்லை. முழுப் பொய்யாக இருந்திருந்தால் ஒருவேளை நான் கிளம்பி வீட்டுக்குப் போயிருப்பேன். நான் கத்தினேன். டிரம் ஓட்டுகிற பையன்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினேன். கத்தி முடித்துவிட்டு, அந்த மூட்டைகளைத் தைத்து, வண்டியில் ஏற்றியதும் நான்தான். என் கோபம் எப்போதும் அப்படித்தான், சத்தத்தோடு முடிந்துவிடும்.

ஞாயிறு காலை அங்கே போனபோது குளத்தோரம் பதினைந்து இருபது பேர் கூடியிருந்தார்கள். செக்ரட்டரி அம்மா ஓய்வுபெற்ற ஆசிரியை, வீட்டில் கன்னடம் பேசுகிறவர், எதையும் கண்ணால் பார்த்தால்தான் ஒப்புக்கொள்வார். நான் நல்ல மூட்டை ஒன்றைப் பிரிக்கப் போனேன். கடைசியாக ஏற்றியவை மேலே கிடந்தன. அவர் விரலை நீட்டி மேலே கிடந்ததைக் காட்டினார்.

“அதை ஓப்பன் பண்ணுங்க. நீங்களா எடுக்கிறதுல என்ன டெஸ்ட் இருக்கு?”

நியாயமான பேச்சு. ஐந்து வருடத்தில் வேறு யாரும் கேட்காத பேச்சு. நான் பிரித்தேன். கையை உள்ளே விட்டபோதே தெரிந்துவிட்டது. அள்ளி வெளியே எடுத்து நீட்டினேன். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குளத்துக்காரர் எனக்குப் பக்கத்தில், கையைக் கட்டிக்கொண்டு, தன் வீட்டுப் பிள்ளை மேடையேறியதைப் பார்ப்பவர்போல நின்றிருந்தார். நான் விரல்களை இறுக்கினேன்.

குத்தியது. நன்றாகவே குத்தியது. முகத்தை அப்படியே வைத்துக்கொண்டு வழக்கம்போல இரண்டு தடவை பிசைந்தேன். விரல் இடுக்கில் ஈரம் கசிவது தெரிந்தது. கையை விரித்தால் முடிந்தது. அங்கே எப்போதும் ஒரு வாளித் தண்ணீர் வைத்திருப்போம், கண்ணாடியில் தூசி இல்லை என்று அலசிக் காட்டுவதற்கு. மூடிய கையை அதற்குள் விட்டு, தண்ணீருக்கு அடியில் விரித்தேன். பச்சைப் பிளாஸ்டிக் வாளி. ரத்தம் அதில் தெரியவில்லை. கையை வெளியே எடுக்காமலே நிமிர்ந்து சிரித்தேன். ஒரு சின்னப் பெண் கைதட்டினாள்.

“சரி, போட்டுடுங்க,” என்றார் செக்ரட்டரி அம்மா. கூட்டம் கலைந்தது. நான் வாளியைத் தூக்கிக்கொண்டு போய்ச் செடிக்கு ஊற்றிவிட்டு, கையில் கைக்குட்டையைச் சுற்றினேன்.

ஃபில்டர் தொட்டிக்கு ஆள் இறங்கும் அளவுக்கு மேலே ஒரு வாய் உண்டு. மூட்டையை ஒருவர் மேலிருந்து கொட்ட, இன்னொருவர் உள்ளே நின்று காலாலும் கையாலும் சமமாகப் பரப்ப வேண்டும். ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் பள்ளம் என்று இருந்தால் தண்ணீர் பள்ளத்து வழியாகவே ஓடிவிடும். எல்லா ஊரிலும் உள்ளே இறங்குகிறவன் நான்தான். வண்டியில் என் ரப்பர் பூட்ஸ் எப்போதும் இருக்கும். அன்று என் கையை மடக்கவே முடியவில்லை.

குளத்துக்காரர் கைக்குட்டையைப் பார்த்தார். “என்னாச்சு?”

“மூட்டை தைக்கிற ஊசி ஏறிடுச்சுண்ணா. நேத்து.”

“அப்ப நீ மேல நின்னு கொட்டு. நான் எறங்கறன்.”

நான் வண்டிக்குப் போய் பூட்ஸை எடுத்து வந்து நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

“பூசை போட்ட தொட்டிக்குள்ள பூட்ஸோட எறங்கச் சொல்றியா? ஒலையடியில முப்பது வருசம் பூட்ஸு போட்டாச்சு, போதும். அதுவுமில்லாம நீ கையிலயே பெசையற, எனக்கு எதுக்கு பூட்ஸு?”

இந்த இடத்தில் நான் ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். அண்ணா, இது முழுசாகச் சுற்றாத கண்ணாடி. ஐந்து சொற்கள்தான். சொன்னால் செக்ரட்டரி அம்மாவைக் கூப்பிட வேண்டிவரும். வாளியைப் பற்றிச் சொல்ல வேண்டிவரும். நாளை காலை வகுப்புக்கு வரும் பிள்ளைகளுக்குக் குளம் இருக்காது. எல்லாவற்றுக்கும் மேல், இரண்டு மாதம் எனக்காக வழக்காடிய மனிதர் முன்னால் என் கையைத் திறந்து காட்ட வேண்டும். பூட்ஸைத் திரும்ப வண்டியில் வைத்தேன்.

அவர் தொட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, வேட்டியை மடித்துக் கட்டி, வெறுங்காலோடு உள்ளே இறங்கினார். நான் நல்ல மூட்டைகளை முதலில் கொட்டினேன். கடைசியில் அந்த மூட்டைகள். உள்ளே அவர் ஏதோ பழைய பாட்டை முணுமுணுத்துக்கொண்டு காலால் தள்ளித் தள்ளிப் பரப்பினார். வெளியே வந்தபோது முழங்கால் வரை கண்ணாடித் துகள் ஒட்டியிருந்தது. குழாயடிக்குப் போய்க் கழுவினார். அவர் பாதத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்றே பார்க்காமல் இருந்தேனா என்று இன்றும் எனக்கு நிச்சயமாகத் தெரியாது.

வீட்டுக்கு வந்ததும் மனைவி கையை விரித்துப் பார்த்தாள். அவள் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் சின்னச் சின்னப் பாகங்களைக் கோக்கும் வேலை பார்க்கிறவள், கண்ணும் கையும் கூர்மை. ஜன்னல் வெளிச்சத்தில் உட்காரவைத்து, ட்வீசரால் ஒவ்வொன்றாக எடுத்து ஒரு தட்டில் போட்டாள். நடந்ததை அவளிடம் மட்டும் சொன்னேன். தொட்டிக்குள் யார் இறங்கினார்கள் என்பதை மட்டும் விட்டுவிட்டேன்.

“உங்க கைக்கே இப்பிடின்னா, அந்தக் கொளத்துல குளிக்கிற புள்ளைங்களுக்கு என்னாங்க ஆவறது?” என்றாள்.

அவள் கேட்டது என்னைப் பிடித்துக்கொண்டது. அடுத்த மூன்று வாரத்தில் நான்கு தடவை அந்தக் குளத்துக்குப் போனேன். ஃபில்டர் எப்படி ஓடுகிறது என்று பார்க்க வந்ததாகச் சொல்வேன். வகுப்பு முடிந்து பிள்ளைகள் போனதும், படியில் உட்கார்ந்து, வெள்ளைத் துணியால் தண்ணீருக்கடியில் தடவித் தடவி எடுத்துப் பார்ப்பேன். தண்ணீர் உள்ளே வரும் துளைக்குக் கீழே, மூலைகளில், படி இடுக்கில். ஒன்றுமே இல்லை. முதலாளி சொன்னது சரிதான், ஒரு துளிகூட வரவில்லை. ஒவ்வொரு தடவையும் நெஞ்சிலிருந்து பாரம் கொஞ்சம் இறங்கியது. தண்ணீர் அந்தக் கோடையில் அப்படித் தெளிவாக இருந்தது. செக்ரட்டரி அம்மா கூப்பிட்டுப் பாராட்டினார்.

நான்காவது தடவை போனபோது குளத்துக்காரர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வலது பாதத்தில் கட்டு.

“என்னண்ணா இது?”

“ஏதோ குத்தியிருக்கும் போலப்பா. எனக்குத் தெரிஞ்சாத்தான? வூட்டுக்காரிதான் பாயில சீழு பட்டிருக்குதுன்னு காலைத் திருப்பிப் பாத்தா. சுண்டு வெரலுக்குக் கீழ. டாக்டரு மருந்து போட்டு உட்டாரு, ஆறவே மாட்டேங்குது.”

குளத்தின் ஒவ்வொரு மூலையையும் தடவித் தேடிய எனக்கு, தொட்டிக்குள் நின்ற மனிதரின் கால் ஒரு தடவைகூட ஞாபகம் வரவில்லை. அல்லது வரவிடவில்லை.

“கண்ணாடியா இருக்குமாண்ணா?” என்று கேட்டேன். அவ்வளவுதான் வாயில் வந்தது.

அவருக்குக் கோபமே வந்துவிட்டது. “ஏம்பா, உம்பொருள நீயே கொறை சொல்ற? டாக்டரும் இதத்தான் கேட்டாரு, கண்ணாடி கிண்ணாடி மிதிச்சீங்களான்னு. இல்லவே இல்லன்னுட்டன். நீ பெசைஞ்சு காட்டினத நான் பக்கத்துல நின்னு பாத்தவன். ஏதாவது முள்ளா இருக்கும்.”

அந்த நிமிடத்தில் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. மருத்துவர் சரியான கேள்வியைக் கேட்டிருக்கிறார். என் கையை நம்பி இவர் தவறான பதிலைச் சொல்லியிருக்கிறார். அந்தப் பதில் இருக்கும்வரை யாரும் உள்ளே கண்ணாடியைத் தேடப் போவதில்லை, புண்ணும் ஆறப் போவதில்லை. இதைத் திருத்தக்கூடிய ஒரே ஆள் நான், அவர் முன்னால்தான் நின்றுகொண்டிருந்தேன். “உடம்பப் பாத்துக்கங்கண்ணா” என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இதற்கு நான் சமாதானம் எதுவும் சொல்லப் போவதில்லை. பத்து நாள் போனது. பத்து நாளும் நாளை சொல்லிவிடலாம் என்று இருந்தேன். அதற்கிடையில் இரண்டு இடங்களில், இடது கையால், நல்ல கண்ணாடியைப் பிசைந்தும் காட்டினேன்.

பதினோராம் நாள் செக்ரட்டரி அம்மா போன் செய்தார். குளத்தில் தண்ணீர் கலங்கியிருக்கிறது, வந்து பாருங்கள் என்றார். ஏன், அண்ணன் இல்லையா என்று கேட்டேன். ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள், கால் கறுத்துவிட்டதாம் என்றார்.

வண்டியை எங்கே நிறுத்தினேன் என்றுகூட ஞாபகமில்லை. வார்டுக்குப் போகவில்லை, நேராக மருத்துவரைத் தேடிப் போனேன். அவர் காலில் கண்ணாடி இருக்கிறது, என்னால் ஏறிய கண்ணாடி என்று ஒரே மூச்சில் சொன்னேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார், பிறகு போனை எடுத்தார். படம் எடுத்துத் தேடினார்கள். எலும்பை ஒட்டி, அரிசியில் பாதி அளவில் ஒரு துண்டு. அன்று மாலையே அறுவை செய்தார்கள். துண்டு வந்துவிட்டது. சுண்டு விரலையும் அதற்கடுத்த விரலையும் விட்டுவைக்க முடியவில்லை.

“முன்னாடியே தெரிஞ்சிருந்தா?” என்று கேட்டேன்.

“தெரிஞ்சிருந்தா எடுத்துட்டு, மருந்து போட்டு வீட்டுக்கு அனுப்பியிருப்போம்,” என்றார் மருத்துவர். அதில் குத்தல் ஒன்றும் இல்லை. அவர் பாட்டுக்கு அடுத்த நோயாளியைப் பார்க்கப் போய்விட்டார்.

மறுநாள் காலையில் செக்ரட்டரி அம்மாவிடம் போய் வாளியிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. குளத்தைப் பூட்டச் சொல்லிவிட்டு, இனி இந்த வாசலுக்கு வராதே என்றார், தொட்டியைக் காலி செய்ய ஒரு தடவை மட்டும் வா என்றார். பூட்ஸும் கையுறையும் போட்டுக்கொண்டு நானே இறங்கி, மேலிருந்த கண்ணாடி முழுவதையும் அள்ளி வெளியே கொடுத்தேன். சந்தனம் பூசிய தொட்டிக்குள் பூட்ஸோடு நிற்கும்போது யாரோ என்னைத் தடுப்பார்கள் என்றே இருந்தது. தடுக்க ஆள் இல்லை. யூனிட்டுக்குப் போனதும் முதலாளி, உங்க கையை மட்டும் காட்டச் சொன்னேன், வாயைத் திறக்கச் சொன்னேனா என்றார். கொட்டகைச் சாவியை அவர் மேஜைமேல் வைத்துவிட்டு வந்தேன்.

அதற்கு மறுநாள்தான் வார்டுக்குப் போனேன். அவர் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வலது காலில் பெரிய கட்டு. அவர் மனைவி பக்கத்தில் ஸ்டூலில் இருந்தார். என்னைப் பார்த்ததும் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். அவருக்கு மருத்துவர் சொல்லியிருக்க வேண்டும்.

“வா,” என்றார் குளத்துக்காரர். தம்பி என்று சொல்லவில்லை.

நான் உட்காரவில்லை. வலது கையை விரித்து அவர் முன்னால் நீட்டினேன். மூன்று தழும்பு, அப்போது இன்னும் சிவப்பாகத்தான் இருந்தன. பெல்ட் அறுந்ததிலிருந்து வாளி வரை சொன்னேன். பூட்ஸைத் திரும்ப வண்டியில் வைத்ததைச் சொன்னேன்.

“கொளத்துல புள்ளைங்களுக்கு?” என்றார் முதலில். அவருக்கு அதுதான் முதல் கேள்வி.

“ஒண்ணும் ஆவலைண்ணா. நாலு தடவ தேடிப் பாத்துட்டன். இப்ப எல்லாத்தையும் எடுத்தாச்சு.”

“நல்லது.”

என் கையைத் தன் பக்கம் இழுத்து, கட்டைவிரலால் தழும்பை ஒவ்வொன்றாகத் தடவினார். உலையடியில் காய்த்துப்போன விரல். அறைவார் என்று நினைத்தேன். அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“வலிச்சுதா?” என்று கேட்டார்.

“எதுண்ணா?”

“கைதான். அன்னைக்கு, மூடிப் பெசைஞ்சப்ப.”

“வலிச்சுதுண்ணா. ரொம்ப வலிச்சுது.”

கையை விட்டுவிட்டார். கட்டுப் போட்ட காலைப் பார்த்தார்.

“எனக்கு வலிக்கலப்பா,” என்றார். “ஒனக்குத்தான் வலிச்சுது.”